முட்டியில் குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்ததா? அளக்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

முழங்கால் மூட்டுத் தேய்மானத்திற்குச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு, “உங்கள் குருத்தெலும்பு மறுபடியும் வளர்ந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அப்போது ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்: “எதை வைத்து அளந்தீர்கள்?”

இந்தக் கையேடு அந்தக் கேள்வியைப் பற்றியது. கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களிலும், உலு சிலாங்கூர் தோட்டங்களிலும் வசிக்கும் மூத்தோருக்காக எழுதப்பட்டது. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, காண்டா தூக்கி, பிறகு செம்பனை வந்ததும் குலை சுமந்து, உதிரிப் பழம் பொறுக்கி உழைத்த முட்டிகள் இங்கே நிறைய உண்டு. குந்தி எழுவது, மண்டியிடுவது, பாரம் தூக்குவது ஆகியவை பல ஆண்டுகள் தொடர்ந்தால் முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடும். 2007-இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வில், மூட்டுகளைப் பற்றி மக்கள் சொன்ன குறைகளில் 64.8 விழுக்காடு முழங்காலைப் பற்றியவையாக இருந்தன. ஆகவே முட்டி வலி உங்களுக்கு மட்டும் வந்தது அல்ல.

வலி தாங்க முடியாதபோது நாம் எதையும் செய்யத் துணிகிறோம். ஊழியர் சேமநிதியில் எடுத்த பணம், விற்ற நகை, பிள்ளைகள் வாங்கிய கடன் எல்லாம் முட்டிக்குப் போகிறது. அதனால்தான் அளவு முக்கியம். கடையில் அரிசி வாங்கும்போது தராசைப் பார்க்கிறோம். முட்டிக்குப் பல ஆயிரம் ரிங்கிட் கொடுக்கும்போதும் தராசு எது என்று பார்க்க வேண்டும்.

பட்டை வளரும், குருத்தெலும்பு?

தொடை எலும்பும் கால் எலும்பும் முட்டியில் சந்திக்கும் இடத்தில், இரண்டின் முனையிலும் வழுவழுப்பான வெள்ளை உறை ஒன்று உண்டு. அதுதான் குருத்தெலும்பு. பெரும்பாலான இடங்களில் அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். அதற்குள் நரம்பு கிடையாது, இரத்தக் குழாயும் கிடையாது. நரம்பு இல்லாததால் அது தேயத் தொடங்கும்போது நமக்குத் தெரிவதில்லை. இரத்த ஓட்டம் இல்லாததால் தேய்ந்த பிறகு தானாக ஆறுவதும் மிகக் கடினம்.

பால்மரம் சீவியவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. சீவிய பட்டை சில ஆண்டுகளில் திரும்ப வளர்ந்து, அதே இடத்தில் மீண்டும் சீவலாம். ஆனால் கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால், அங்கேயும் பட்டை வளரத்தான் செய்யும். முண்டும் முடிச்சுமாக வளரும். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டை மூடியிருக்கும். கத்தி வைத்தவருக்குத்தான் அது நல்ல பட்டையா என்று தெரியும்.

முட்டியிலும் இதுதான் சிக்கல். தேய்ந்த இடத்தில் எலும்பைத் துளைத்து இரத்தம் கசிய விட்டால், அந்த இடத்தை ஒரு புதிய திசு மூடுகிறது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகர மருத்துவர் பிரிடி 1959-லேயே இந்த முறையைப் பற்றி எழுதினார். ஆனால் பல சமயங்களில் அப்படி மூடுவது, தழும்பைப் போன்ற நார்த்திசு கலந்த குருத்தெலும்புதான். பிறவியிலேயே இருந்த வழுவழுப்பான குருத்தெலும்பைப் போல அது பாரம் தாங்குவதில்லை. ஆகவே “வளர்ந்ததா?” என்பது பாதிக் கேள்விதான். “எது வளர்ந்தது, எவ்வளவு இடத்தில் வளர்ந்தது, அதனால் நடக்க முடிகிறதா?” என்று கேட்டால்தான் கேள்வி முழுமையாகும்.

முதலில், உங்களுக்கு நடந்தது எந்த அறுவை சிகிச்சை?

இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் பலர் குழம்புகிறார்கள்.

முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்திருந்தால், தேய்ந்த குருத்தெலும்பை எடுத்துவிட்டு உலோகத்தையும் அதற்கு நடுவே உறுதியான பிளாஸ்டிக்கையும் வைத்திருப்பார்கள். அந்த மூட்டில் குருத்தெலும்பு வளர்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. எக்ஸ்ரே படத்தில் தெரியும் இடைவெளி பிளாஸ்டிக் இருக்கும் இடம். எக்ஸ்ரேயில் பிளாஸ்டிக் தெரியாது. மூட்டு மாற்றிய பிறகு “குருத்தெலும்பு வளர” என்று யாராவது மாத்திரையோ பொடியோ விற்றால், அந்த முட்டியில் அதற்கு வேலை எதுவும் இல்லை. இப்படிச் சொல்வதால் மூட்டு மாற்றுச் சிகிச்சையைக் குறைவாக எண்ண வேண்டாம். முற்றிலும் தேய்ந்துபோன முட்டிக்கு வலியைக் குறைத்து நடக்க வைப்பதில் இன்று நன்கு நிலைபெற்ற வழி அதுவே.

வளைந்த காலை நேராக்கும் அறுவை சிகிச்சை வேறு. முட்டிக்குக் கீழே எலும்பை வெட்டி, கோணத்தைத் திருத்தி, தகடு வைத்துப் பூட்டுவார்கள். முட்டியின் உள்பக்கத்தில் விழுந்துகொண்டிருந்த பாரம் வெளிப்பக்கம் நகரும். பாரம் குறைந்த இடத்தில் புதிய திசு மூடுவதை, பிறகு தகடு எடுக்கும்போது மருத்துவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் கோஷினோ என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003-இல் இதைப் பற்றி எழுதினார்கள்.

எலும்பைத் துளைக்கும் சிகிச்சை, அதோடு சேர்த்து ஊசி போடும் சிகிச்சை ஆகியவை மூன்றாவது வகை. “வளர்ந்துவிட்டது” என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

நிழற்படம் சொல்வதும் சொல்லாததும்

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பே தெரியாது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் தெரியும். இடைவெளி குறைந்தால் குருத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1957-இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான படிநிலையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். “நாலாம் நிலை” என்று உங்களிடம் சொல்லியிருந்தால் அது இதுதான்.

தேயும் முட்டியில் இந்த இடைவெளி ஆண்டுக்குச் சராசரியாக 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் குறைகிறது. அது ஒரு தாளின் கனம். இவ்வளவு நுட்பமான மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு படங்களும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். படுத்தபடி எடுத்தால் பாரம் இல்லாததால் இடைவெளி அகலமாகத் தெரியும்; நின்றபடி எடுத்தால் குறுகும். முட்டி சற்று மடங்கியிருந்தாலும் எண் மாறும். சிகிச்சைக்கு முன் நின்றபடி ஒரு படம், சிகிச்சைக்குப் பின் படுத்தபடி ஒரு படம் எடுத்து அருகருகே வைத்தால், ஒன்றும் வளராமலேயே “வளர்ந்தது” போல் காட்டலாம். வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை. கவனக் குறைவாலும் இது நடக்கும். காலை நேராக்கும் சிகிச்சைக்குப் பிறகு, பாரம் நகர்ந்ததாலேயே உள்பக்க இடைவெளி விரிந்து தெரிவதும் உண்டு.

எம்.ஆர்.ஐ. இதைவிட நல்லது. குருத்தெலும்பின் கனத்தை நேரடியாக அளக்கலாம். குழி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ஓரம் பழைய குருத்தெலும்போடு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். சில சிறப்பு முறைகளில் அதற்குள் இருக்கும் நீரும் நார்களும் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஓரளவு தெரியும். ஆனால் பக்கத்தில் உலோகத் தகடோ திருகோ இருந்தால் படம் கலங்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: இதயத்துடிப்புக் கருவி பொருத்தியிருந்தாலும், உடம்பில் வேறு உலோகம் இருந்தாலும், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

படம் நன்றாக இருந்தாலும் அது படம்தான். மூடியிருப்பது நல்ல குருத்தெலும்பா, தழும்புத் திசுவா என்று உறுதியாகச் சொல்ல, சிறு துளை வழியாகக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, ஊசி போன்ற கருவியால் ஒரு மெல்லிய துணுக்கை எடுத்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சஃப்ரனின் என்ற சாயம் ஏற்றினால் நல்ல குருத்தெலும்பு செந்நிறமாகத் தெரியும். தழும்புத் திசுவில் அந்த நிறம் மங்கும். கொலாஜன் என்ற நாரிலும் இரண்டாம் வகை மிகுந்திருந்தால் நல்ல குருத்தெலும்பு, முதலாம் வகை மிகுந்திருந்தால் தழும்புத் திசு.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. தஞ்சோங் காராங் வயலில் ஓர் ஓரத்தில் ஒரு பிடி நெல்லை எடுத்து முழு வயலின் விளைச்சலைச் சொல்ல முடியுமா? துணுக்கு எடுத்த இடம் நன்றாக இருந்து, பக்கத்து இடம் மோசமாக இருக்கலாம். மேலும், இதுவும் ஒரு சிறிய அறுவை சிகிச்சைதான். அதனால் ஆய்வுகளில் மட்டுமே செய்கிறார்கள். சாதாரண நோயாளிக்குச் செய்வதில்லை. ஆகவே துணுக்கு எதுவும் எடுக்காமல், “அசல் குருத்தெலும்பே வளர்ந்துவிட்டது” என்று ஒருவர் உங்களிடம் அடித்துச் சொன்னால், அவர் பார்க்காத ஒன்றைச் சொல்கிறார்.

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. கோலாலம்பூரில் டாக்டர் சா கே யோங் தலைமையிலான குழு பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியை ஆராய்ந்து, முடிவுகளை ‘ஆர்த்ரோஸ்கோப்பி’ என்ற பன்னாட்டு மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறது. தொடக்கத்தில் ஆடுகளில் சோதித்தார்கள். 2011-இல் 5 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். 2013-இல் வந்ததுதான் முக்கியமான ஆய்வு.

அதில் 50 பேர் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் தேய்ந்த இடத்தில் எலும்பைத் துளைத்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் 25 பேர் கொண்ட இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிற்கு ஹையலுரோனிக் அமிலம் என்ற வழுவழுப்பான திரவத்தை மட்டும் ஊசியாகப் போட்டார்கள். மற்றக் குழுவிற்கு அதோடு, அவரவர் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த ஸ்டெம் செல்களையும் சேர்த்துப் போட்டார்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரத்தில் தொடங்கி வாரம் ஒன்றாக 5 ஊசிகள், ஆறு மாதம் கழித்து மேலும் 3 ஊசிகள்.

18 மாதங்கள் கழித்து அளந்தார்கள். ஒரே அளவுகோலை நம்பாமல் பலவற்றை வைத்துப் பார்த்ததுதான் இந்த ஆய்வின் சிறப்பு. ஒவ்வொரு குழுவிலும் 16 பேருக்கு மறுபடியும் கேமராவை விட்டுத் துணுக்கு எடுத்தார்கள். நுண்ணோக்கியில் 14 அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினார்கள். ஸ்டெம் செல் பெற்றவர்களுக்கு 1,066, பெறாதவர்களுக்கு 957. எம்.ஆர்.ஐ. மதிப்பெண்ணும் 9.9-க்கு 8.5 என்று ஸ்டெம் செல் குழுவிற்கே சாதகமாக இருந்தது. இந்த இரண்டு வித்தியாசங்களும் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்து வருவதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். 24-ஆம் மாதத்தில் நோயாளிகளையே கேட்டார்கள்: வலி எப்படி, படி ஏற முடிகிறதா, குந்த முடிகிறதா, வேலை செய்ய முடிகிறதா? 100-க்கு எத்தனை என்று கணக்கிட்டபோது ஸ்டெம் செல் குழுவிற்கு 74.8, மற்றக் குழுவிற்கு 71.1. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். அதாவது நுண்ணோக்கியில் திசு மேலாகத் தெரிந்தது. ஆனால் அந்த முட்டியைச் சுமந்து நடந்தவர்கள், இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிடத் தெளிவாக மேலாக இருப்பதாகச் சொல்லவில்லை.

இதை வைத்து அந்த ஆய்வைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஒப்பிட ஒரு குழுவை வைத்து, தங்களுக்குச் சாதகமில்லாத எண்ணையும் அச்சில் போட்ட ஆய்வு அது, மதிக்க வேண்டியது. விளம்பரங்களில் முதல் இரண்டு எண்கள் மட்டும் வருவதும் மூன்றாவது எண் காணாமல் போவதும்தான் கவலை.

இன்னொரு விவரம் உங்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. அந்த 50 பேரும் 18 முதல் 50 வயதுக்கு உட்பட்டவர்கள். இந்தக் கையேட்டைப் படிக்கும் பலர் அந்த வயதைத் தாண்டியவர்கள். முப்பது வயதுக்காரரின் முட்டியில் நடந்தது எழுபது வயது முட்டியிலும் அப்படியே நடக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

அதே குழு 2015-இல் வேறு ஒரு முடிவை வெளியிட்டது. இது எலும்போடு எலும்பு உரசும் நிலைக்குப் போன, கால் வளைந்த நோயாளிகளைப் பற்றியது. காலை நேராக்கி, எலும்பைத் துளைத்து, ஸ்டெம் செல் ஊசியும் போட்டிருந்தார்கள். தகடு எடுக்க வந்தபோது 8 பேர் துணுக்கு எடுக்கச் சம்மதித்தார்கள். அவர்களின் சராசரி மதிப்பெண் 1,274; இயல்பான குருத்தெலும்புக்கு 1,340. ஏறக்குறைய 95 விழுக்காடு. கேட்பதற்கு அருமையாக இருக்கிறது, உண்மையும்கூட. ஆனால் அந்தச் சிகிச்சையைப் பெற்ற 18 பேரில் 8 பேரின் துணுக்குதான் பார்க்கப்பட்டது. ஊசி போடாமல் காலை மட்டும் நேராக்கிய குழு ஒன்று ஒப்பிட இல்லை. பாரம் நகர்ந்ததால் வந்த பலன் எவ்வளவு, ஊசியால் வந்தது எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

ஒப்பிட ஒரு குழு ஏன் வேண்டும்?

நெதர்லாந்தில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 60 வயதுக்குக் கீழே இருந்த 20 பேருக்கு முட்டியின் மேலும் கீழும் கம்பிகளைச் செலுத்தி, வெளியே ஒரு சட்டத்தைப் பூட்டி, இரண்டு மாதங்கள் எலும்புகளைச் சற்று விலக்கி வைத்தார்கள். ஓராண்டில் எம்.ஆர்.ஐ. அளவில் குருத்தெலும்பின் கனம் 2.4 மில்லிமீட்டரிலிருந்து 3.0 மில்லிமீட்டராகக் கூடியது. குருத்தெலும்பே இல்லாமல் வெறுமையாகக் கிடந்த எலும்புப் பரப்பு 22 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. தேய்ந்த முட்டியிலும் ஏதோ ஒன்று திரும்ப வளர முடியும் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனாலும் அதிலும் ஒப்பிட ஒரு குழு இல்லை. கம்பி செலுத்திய இடங்களில் கிருமித் தொற்று வருவதும் இந்த முறையில் வழக்கம்.

ஒப்பீடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. தேய்ந்த முட்டியைக் கேமரா வழியாகக் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சை அப்போது பரவலாக இருந்தது. செய்துகொண்டவர்கள் நல்ல குணம் என்றார்கள். 180 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் பார்த்ததில், உண்மையாகச் சுத்தம் செய்தவர்களும் வெறும் கீறல் போட்டவர்களும் ஒரே அளவில்தான் இருந்தார்கள். கீறல் மட்டும் பெற்றவர்கள் பொய் சொல்லவில்லை. முட்டி வலி நாளுக்கு நாள் ஏறி இறங்கும் இயல்புடையது. மோசமான நாளில்தான் நாம் சிகிச்சைக்குப் போகிறோம். அதன் பிறகு குறைவது இயற்கை. நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். “பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குணமாகிவிட்டது” என்பதை நாம் அன்போடு கேட்டுக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பிப் பணத்தைக் கட்டிவிட வேண்டாம்.

பணம் கட்டும் முன்

யாராவது குருத்தெலும்பை வளர்க்கும் சிகிச்சையைச் சொன்னால், அவசரப்படாமல் இவற்றைக் கேளுங்கள். என் வயதில், என் முட்டியைப் போலத் தேய்ந்தவர்களுக்கு இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? ஒப்பிட வேறு ஒரு குழு இருந்ததா? வளர்ந்ததை எக்ஸ்ரேயில் பார்த்தீர்களா, எம்.ஆர்.ஐ.யிலா, துணுக்கு எடுத்தா? அவர்களால் முன்பைவிட நன்றாக நடக்க முடிந்ததா? மொத்தம் எத்தனை ஊசி, எத்தனை ரிங்கிட்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தனியாகப் போகாதீர்கள், மகனையோ மகளையோ கூட அழைத்துச் செல்லுங்கள். “இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முட்டி நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

ஸ்டெம் செல் ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் சுகாதார அமைச்சு 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. மருந்து, மருத்துவச் சேவை விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். வானொலியில் விளம்பரம் முடியும்போது வேகமாகப் படிக்கிறார்களே, கே.கே.எல்.ஐ.யு. என்று தொடங்கும் எண், அதுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரத்தில் அந்த எண் இல்லையென்றால், அதை அப்படியே கிளினிக்கிற்கு எடுத்து வந்து காட்டுங்கள்.

உங்கள் வீட்டிலேயே ஓர் அளவுகோல்

படத்தில் தெரியும் தேய்மானமும் மனிதர் உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நாலாம் நிலைத் தேய்மானத்தோடு புக்கிட் மெலாவத்தி மேட்டை ஏறி இறங்குபவர் உண்டு. இரண்டாம் நிலையிலேயே கழிப்பறையில் குந்தி எழ முடியாதவரும் உண்டு. ஆகவே அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும், முட்டி எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் அளக்க வேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டாம்.

கைப்பிடி இல்லாத, நேரான முதுகுள்ள ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கை சுமார் 43 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பாருங்கள். ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும், அருகிலேயே நிற்கட்டும். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12-க்குக் குறைவாகவும் பெண்களுக்கு 11-க்குக் குறைவாகவும் இருந்தால் கால்பலம் சராசரிக்குக் கீழே என்று பொருள். 70 முதல் 74 வயதில் அந்த எண்கள் 12, 10. கையூன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதையே எழுதி வையுங்கள். அறுவை சிகிச்சை செய்தவர்கள், மருத்துவரோ பிசியோவோ அனுமதித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

மாதத்திற்கு ஒருமுறை, ஒரே நாற்காலியில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்து, நாட்காட்டியில் எண்ணை எழுதுங்கள். பக்கத்தில் அன்றைய வலி பத்துக்கு எத்தனை என்றும், வலி மாத்திரை எத்தனை போட்டீர்கள் என்றும் குறியுங்கள். மாத்திரையைக் குறிக்காவிட்டால் கணக்கு பொய் சொல்லும். ஆறு மாதம் எழுதிய நாட்காட்டி, மருத்துவருக்கு ஓர் எக்ஸ்ரேயைப் போலவே பயன்படும்.

அறுவை சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும் முதலிடத்தில் இருக்கின்றன. நம் நாட்டு மூட்டுத் தேய்மானச் சிகிச்சை வழிகாட்டியும் அவற்றை வலியுறுத்துகிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. கேட்டுக் கேட்டுச் சலித்த ஆலோசனைதான், தெரியும். ஆனால் ஐந்து கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கே போவது?

முதலில் உங்களுக்கு அருகில் உள்ள அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்: கோல சிலாங்கூர், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களில் கிளினிக் கெசிஹாத்தான் உண்டு. மருத்துவ அதிகாரி முட்டியைப் பார்த்து, தேவைப்பட்டால் தஞ்சோங் காராங் அல்லது கோல குபு பாரு மருத்துவமனைக்கோ, எலும்பு மூட்டுப் பிரிவு உள்ள சுங்கை பூலோ, செலாயாங், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைகளுக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார். மலாய் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் தெரிந்த பணியாளர் இருக்கிறாரா என்று முகப்பில் கேளுங்கள். அல்லது பேரப்பிள்ளையை அழைத்து வாருங்கள்.

அறுவை சிகிச்சையோ ஊசியோ போட்ட முட்டி திடீரென்று வீங்கி, சூடாகி, சிவந்து, காய்ச்சலும் வந்தால், அல்லது ஆடுதசை வீங்கி வலித்தால், அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 999-ஐ அழையுங்கள்.

வரும்போது மைகார்டு, சந்திப்பு அட்டை, சாப்பிடும் எல்லா மருந்துகளும் (நாட்டு மருந்து, சீன மருந்து உட்பட), நாட்காட்டிக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பழைய எக்ஸ்ரே படங்கள் வீட்டில் அலமாரி மேல் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். அவற்றையும் எடுத்து வாருங்கள். புதிய படம் எடுக்கும்போது, முன்பு எப்படி நின்று எடுத்தீர்களோ அப்படியே நின்று எடுக்கலாமா என்று கேளுங்கள்.